அக்காவின் பேட்ஜ்

அக்கா உலகம்மாள் காய்ச்சலில் இறந்து பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும், அவள் வேலை பார்த்த ஜவுளிக்கடையிலேயே முப்பிடாதி சேர்ந்தாள். மேனேஜர் அக்காவின் பெயர் போட்ட பேட்ஜையே எடுத்து நீட்டினார்.

"அது எங்கக்கா பேரு சார்."

"மூஞ்சியும் அதேதானம்மா. கஸ்டமருக்குப் பழகின பேரு, கெடக்கட்டும்."

"செத்தும் உலகம்மாளுக்கு லீவு கிடைக்கல பாரு" என்று உடன் நின்ற பெண்கள் சிரித்தார்கள். பிறகு அவர்களும் அப்படியே கூப்பிட்டார்கள். முப்பிடாதி திரும்பிப் பார்க்கப் பழகிக்கொண்டாள்.

ஆடித் தள்ளுபடி முடியும்வரை யாரையும் ஊருக்கு விடவில்லை. அம்மாவே முறுக்குப் பையுடன் பஸ் ஏறி வந்துவிட்டாள்.

"முப்பிடாதியப் பாக்கணும்யா."

"அப்படி யாரும் இங்க இல்லம்மா" என்றார் வாசல் காவலாளி.

"அந்தா, சேலை விரிச்சிக்கிட்டு நிக்காளே."

"அதுவா? அது உலகம்மாள்."

முப்பிடாதிக்கு எல்லாம் கேட்டது. பெயர் சொல்லிக் கூப்பிடாமல் யாரும் இடத்தைவிட்டு நகரக்கூடாது என்பது கடையின் சட்டம். மேனேஜர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்மா பையைக் கீழே வைத்தாள். முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"உலகம்மா" என்று கூப்பிட்டாள்.

சேலையை மடித்து வைத்துவிட்டு முப்பிடாதி, "இந்தா வாரேன்" என்றாள்.