டாக்டரம்மாவின் புகார்

"மேடம், லைன்ல டாக்டரம்மா."

போனை நீட்டிய டைப்பிஸ்ட் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

திட்ட அதிகாரி ஒரு பெருமூச்சு விட்டு அதைக் காதில் வைத்தாள்.

"நகராட்சியா? பல் டாக்டர் பேசறேன். இன்னிக்கும் பசங்க தெருவுல பந்து உதைக்கிறாங்க. கிளினிக் கண்ணாடி போச்சு!"

"நேத்து சொன்னீங்களே, அந்தக் கண்ணாடியா டாக்டர்?"

"இது வேற கண்ணாடி!"

டொக்கென்று போன் வைக்கப்பட்டது.

அதிகாரிக்கு எரிச்சலாக வந்தது. இந்த வருடம் ஒரே ஒரு விளையாட்டு மைதானத்துக்குத்தான் அனுமதி. எந்தப் பகுதியில் எத்தனை மைதானம் இருக்கிறது, எத்தனை பேருக்குத் தேவை என்று மாதக்கணக்கில் தகவல் திரட்டியிருந்தாள். புக்கிங், மனு, தெருவில் விளையாடுவதாக வரும் புகார் எல்லாம் சேர்ந்ததுதான் 'தேவை'.

கூட்டிப் பார்த்தால் முதலிடத்தில் வந்து நிற்பது டாக்டரம்மாவின் தெரு! அங்கே மைதானமும் கிடையாது, புக்கிங்கும் கிடையாது, மனுவும் கிடையாது. வெறும் புகார்தான். அத்தனையும் ஒரே ஆளிடமிருந்து.

தலைமைப் பொறியாளர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"ஏம்மா, ஒரே அம்மா ஓயாம கத்தினா அதுக்குப் பேரு தேவையா? தொல்லைம்மா! பங்களாப் பக்கம் பாரு, இருக்கிற மைதானத்துல புக்கிங் நிரம்பி வழியுது. அங்கயே இன்னொண்ணு போட்டுடலாம்."

"எனக்கும் அப்படித்தான் தோணுது சார்."

"எதுக்கும் அந்த டாக்டரம்மா தெருவை ஒரு எட்டு நேர்ல போய்ப் பாத்துடு. நாளைக்குக் கூட்டத்துல யாரும் நம்மளைக் குத்தம் சொல்லக் கூடாது."

சாயங்காலம் ஸ்கூட்டரில் கிளம்பினாள். 'பல்லைப் பிடுங்கறது போதாதா? பசங்க சந்தோஷத்தையும் பிடுங்கணுமா இந்த அம்மாவுக்கு?' என்று வழியெல்லாம் பொருமிக்கொண்டே போனாள்.

குறுகலான தெரு. இந்தப் பக்கம் ரெண்டு செருப்பு, அந்தப் பக்கம் ரெண்டு செருப்பு. அவ்வளவுதான் கோல்போஸ்ட். ஆடுகிற பிள்ளைகளைவிட, மதில்மேல் வரிசையாக உட்கார்ந்திருக்கிற பிள்ளைகள்தான் அதிகம்.

"நீங்கல்லாம் வேடிக்கை பாக்க வந்தீங்களா?"

"இல்ல ஆன்ட்டி, அடுத்து எங்க டீம். அப்புறம் பின்தெரு டீம். அதுக்கப்புறம் பொண்ணுங்க டீம்."

"உங்க தெருவுலயே ஆட வேண்டியதுதானே?"

"அங்க பஸ் போகுது ஆன்ட்டி. இங்க வேன் மட்டும்தான்!"

சொல்லி வாய் மூடவில்லை. "வண்டி!" என்று ஒரு குரல். எல்லாரும் பல்லி மாதிரி சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள். ஒரு சின்னப் பெண் மட்டும் பந்தை எடுக்கத் திரும்ப ஓடினாள்.

கிரீச்சென்று வேன் நின்றது. அதிகாரிக்கு உயிர் போய் உயிர் வந்தது.

"கோல் இல்ல, கோல் இல்ல! வண்டி வந்ததுக்கப்புறம் போட்டது!" என்று பந்தைக் கட்டிக்கொண்டு சிரித்தபடி வந்தாள் அந்தப் பெண்.

அதிகாரி மதிலோரமாக உட்கார்ந்து தலைகளை எண்ண ஆரம்பித்தாள். எண்ண எண்ண வந்துகொண்டே இருந்தார்கள். மைதானமே இல்லாத இடத்தில் புக்கிங் எங்கிருந்து வரும்? இத்தனை நாள் இது ஏன் தன் மண்டையில் ஏறவில்லை என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

பொறியாளருக்குப் போன் போட்டாள்.

"சார், புகாரையெல்லாம் தூக்கி ஓரமா வெச்சுட்டுத்தான் எண்ணினேன். அப்பவும் இங்கதான் சார் வேணும்."

"பங்களாக்காரங்க சும்மா விடுவாங்களாம்மா?"

"அவங்க மைதானத்துல நாலு விளக்கு போட்டா, இருட்டினதுக்கு அப்புறமும் ஆடலாம். இந்தப் பிள்ளைங்க பட்டப்பகல்லயே வண்டிக்கு நடுவுல ஆடுது சார்."



"சரிம்மா, எழுதிடு. கூட்டத்துல நான் பேசிக்கறேன்."

மனசு லேசாகிவிட்டது. போகிற போக்கில் டாக்டரம்மாவுக்கும் நறுக்கென்று நாலு வார்த்தை கொடுத்துவிடலாம் என்று கிளினிக்குள் நுழைந்தாள்.

நாற்காலியில் ஒருவர் 'ஆ'வென்று வாயைத் திறந்துகொண்டு படுத்திருந்தார்.

"நகராட்சியிலேர்ந்து வரேன் டாக்டர். பசங்களுக்கு மைதானம் வருது. இனிமே உங்க கண்ணாடிக்கு ஒரு ஆபத்தும்..."

பேச்சு அப்படியே நின்றது. எல்லா ஜன்னலையும் ஒருமுறை பார்த்தாள். பழைய கண்ணாடிகள். ஒன்றில்கூட ஒரு கீறல் இல்லை.

"எது டாக்டர் உடைஞ்சது?"

டாக்டர் பதில் சொல்வதற்குள் வாசலில் அந்தச் சின்னப் பெண் வந்து நின்றாள்.

"டாக்டரம்மா, பந்துல காத்து போயிடுச்சு!"

"அலமாரிக்குக் கீழ பம்ப் இருக்கு, எடுத்துக்கோ கண்ணு. போன தடவை மாதிரி ஊசியை வளைச்சுடாதே!"

அதிகாரி வாயைப் பிளந்தாள். அப்போது அந்த அறையில் திறந்த வாய்கள் இரண்டு.

"அப்புறம் எதுக்கு டாக்டர் தினம் இத்தனை பொய்ப் புகார்?"

டாக்டர் முகக்கவசத்தை இறக்கிவிட்டுச் சிரித்தார்.

"'பசங்க விளையாட இடம் குடுங்க'ன்னு ஒரு வருஷம் மனுவும் கையுமா உங்க ஆபீசுக்கு நடையா நடந்தேன்மா, ஒருத்தரும் அதை வாங்கிக்கக்கூட இல்ல. 'பசங்க விளையாடறாங்க, நிறுத்துங்க'ன்னு ஒரே ஒரு போன் போட்டேன், அன்னிக்கே கணக்குல சேத்துட்டீங்க!"