சிப்பாய் நாலு

"ஒரே ஒரு அலறல்ணே. அதுக்குப் போய் இவ்வளவு யோசனையா?"

வசனம் எழுதுகிறவள் கெஞ்சினாள். டப்பிங் அறைக் கடிகாரத்தில் மணி நாலரை. ஐந்துக்கு முதலாளி வந்துவிடுவார். அதற்குள் படம் முடியவில்லை என்றால் அடுத்த படம் வேறு ஆளுக்கு என்று காலையிலேயே போனில் சொல்லிவிட்டார்.

பழைய யுத்தப் படம். வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்குப் பேர் உண்டு, காதலி உண்டு, சாகும்போது பக்கம் பக்கமாக வசனமும் உண்டு. குண்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடும் கறுத்த சிப்பாய்க்கு ஒரு அலறல். அதோடு சரி.

அந்த அலறலுக்கு வந்தவர்தான் மைக் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். முனகல், இருமல், கூட்டத்துச் சத்தம் எல்லாமே அவர்தான். ஸ்டூடியோவில் எல்லாருக்கும் அலறல் அண்ணன்.

"இவன் பேர் என்னம்மா?"

"சிப்பாய் நாலு."

"அது நம்பரு. நான் பேரைக் கேட்டேன்."

"ஒரிஜினல்லயே இல்லண்ணே!"

"அப்ப ஒரு வசனம் சேத்துக்கலாம். இந்த ஷாட்ல வாய் அசையறது தெரியல பாரு. என்ன வேணா பேசலாம்."

ஹீரோவுக்குக் குரல் கொடுப்பவர் சிரித்தார். "அண்ணனுக்கு வசனம் பேசற ஆசை வந்துடுச்சு. கடைசி நேரத்துல கழுத்தறுக்கிறாரு."

அவளுக்கும் பற்றிக்கொண்டு வந்தது. நல்ல நேரம் பார்த்தார் மனுஷன்!

"சரி, என்ன பேசப் போறீங்க? சொல்லித் தொலைங்க."

"நானா? நான் அலறிட்டுப் போறேன். அவர்தான் பேசணும்." ஹீரோவின் குரல்காரரைக் காட்டினார். "இவன் விழுந்ததும் ஹீரோ பக்கத்துல குனியறாரே, முதுகுதானே தெரியுது? ஒரு தடவை இவனைப் பேர் சொல்லிக் கூப்பிடட்டும். முப்பது வருஷமா இவனுங்களுக்காகச் செத்துக்கிட்டிருக்கேன். ஒருத்தனையும் யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லம்மா."

ஹீரோவின் குரல்காரர் சிரிப்பை நிறுத்திவிட்டு எழுந்து வந்தார். "என்ன பேர் சொல்லட்டும்?"

"அண்ணன் பேரையே வெச்சிடலாம்!" என்று பேனாவைத் திறந்து வசனத் தாளில் குனிந்தாள்.

பேனா நகரவில்லை.

அண்ணனோடு ஆறு வருஷப் பழக்கம். அவள் ஹீரோவின் குரல்காரரைப் பார்த்தாள். அவர் சவுண்ட் என்ஜினியரைப் பார்த்தார். என்ஜினியர் அவசரமாகக் கடிகாரத்தைப் பார்த்தார்.

"அண்ணே..." என்று இழுத்தாள். "உங்க பேரு என்ன?"