தண்ணிப்பால்

குளியலறைக் கொக்கியை எடுக்கும்போதே அவளுக்கு உறைத்தது. குழந்தை அழவில்லை.

இந்த ஏழு வாரத்தில் அவள் குளிக்கப் போன ஒருநாளும் அவன் அழாமல் இருந்ததில்லை.

ஈரத்தலையோடு அறைக்குள் போனாள்.

கட்டிலில் நாத்தனார் இசக்கியம்மாள். தன் நான்கு மாதப் பெண்ணைப் பக்கத்தில் தூங்கப் போட்டுவிட்டு, இவனை மடியில் ஏந்தியிருந்தாள்.

இவன் வாய் அவள் மார்பில் இருந்தது.

மாமியார் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். சும்மா ஒரு தடவை கொடுத்துப் பார்க்கலாம் என்றுதான், என்றாள். இசக்கியிடம் குடித்துவிட்டால் குறை யாரிடம் என்று தெரிந்துபோகும்.

அவள் குளிக்கப் போகட்டும் என்று காத்திருந்திருக்கிறார்கள்.

நேற்று எடை பார்த்தபோது, ஒரு வாரத்துக்கு ஐம்பது கிராம்தான் கூடியிருந்தான். பிள்ளை பார்க்க வந்த அத்தனை பேரிடமும், அவளை வைத்துக்கொண்டே, இவளுக்குத் தண்ணிப்பால் என்று மாமியார் சொல்லியிருந்தாள். பால் ஊறட்டும் என்று பூண்டு, சுறாப்புட்டு, எது வைத்தாலும் அவள் தின்றாள். கடைசியில் அவளே அதை நம்பவும் தொடங்கியிருந்தாள்.

பிள்ளையைப் பிடுங்கக் கை போனது.

அந்த நேரம் பார்த்து அவளுக்குப் பால் சுரந்தது. ஜாக்கெட் இரண்டு பக்கமும் நனைந்தது.

யாரும் பார்க்கவில்லை.

டக்.

மார்பிலிருந்து அவன் வாய்ப்பிடி நழுவும் சத்தம். ஏழு வாரமாக அவள் மட்டுமே கேட்ட சத்தம்.

அவன் கடைவாயில் பால் வழிந்து இசக்கியின் சேலையில் இறங்கியது. தேடினான். கவ்வினான். மறுபடி நழுவ, வீறிட்டான்.

இசக்கி மறுபக்கம் மாற்றிக் கொடுத்தாள்.

டக்.

ஒழுங்காகப் பிடித்துக் கொடு என்றாள் மாமியார்.

இசக்கி சுண்டுவிரலை அவன் நாக்குக்கு அடியில் விட்டுத் தடவினாள். நிமிர்ந்தபோது அவள் தன் அம்மாவைப் பார்க்கவில்லை.

"மதினி, இவனுக்கு நாக்கே மேல வரல. அடியில என்னமோ இழுத்துப் புடிச்சிருக்கு. எங்கிட்டயும் இப்படித்தான் குடிக்கான்."

இதைக் கேட்டதும் மனசு லேசாகியிருக்க வேண்டும். ஆகவில்லை.

பிள்ளையை வாங்கிக்கொண்டாள்.

சாயங்காலம் மகன் வரட்டும், டாக்டரிடம் காட்டலாம் என்றாள் மாமியார். குரல் தணிந்திருந்தது. இப்போதே போகிறோம், நீங்களும் வருகிறீர்கள் என்று சொல்லிவிட்டு அவள் ஈரத்தலையை அள்ளி முடிந்தாள்.

ஆஸ்பத்திரியில் கூட்டம். அவர்களுக்கு முன்னால் பதினோரு பேர். அவன் பசித்து அழுதான். அவள் அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து எடுத்துக் கொடுத்தாள்.

பால் அவன் தாடையில் இறங்கி, கழுத்து மடிப்பில் தேங்கி, சட்டையை நனைத்தது. எதிரே இருந்தவர்கள் பார்த்தார்கள். மாமியார் முந்தானை நுனியைச் சுருட்டிக்கொண்டு துடைக்க வந்தாள்.

அவள் பிள்ளையை விலக்கிப் பிடித்தாள்.

"விடுங்க அத்தை. வழியட்டும். டாக்டரும் பாக்கட்டும்."