பன்னுக்கு வந்த ஆசை

"என்னடி பன்னு, பாதி ஆளைக் காணோம்!"

ஆஸ்பத்திரிக் கட்டிலில் சாய்ந்தபடியே அக்கா தங்கையை ஏற இறங்கப் பார்த்தாள். பிறக்கும்போதே உப்பலாக இருந்ததால் தங்கைக்கு வந்த பெயர் அது. அப்பாவின் பேக்கரியை இப்போது அவள்தான் நடத்துகிறாள்.

அக்கா மேஜையிலிருந்த டப்பாவைத் திறந்தாள். "உங்க அத்தானை விட்டு நம்ம கடை கிரீம் கேக்கே வாங்கி வரச் சொன்னேன். எனக்கு ஒரே ஒரு வாய், மீதி உனக்கு."

"வேண்டாம்க்கா."

"நீயா சொல்றே? அப்பா கேக் ஓரத்தை வெட்டிப் போடும்போது சுருட்டிக்கிட்டு மாடிக்கு ஓடுவோமே! போர்வைக்குள்ள உட்கார்ந்து தின்போமே!"

"மறுநாள் போர்வையெல்லாம் எறும்பு. அதுதான் நம்மளைக் காட்டிக் கொடுத்துச்சு."

"என் பங்கையும் முழுங்கிட்டு, எறும்பு தின்னுடுச்சுன்னு சத்தியம் பண்ணினவதானே நீ!"

இருவரும் சிரித்தார்கள். சிரித்ததிலேயே அக்காவுக்கு மூச்சு வாங்கியது. தங்கை அவள் முதுகை நீவிவிட்டாள். ஆனால் கேக்கைத் தொடவில்லை.

"எத்தனை தடவை மெலியறேன்னு கிளம்பினே! பட்டினி கிடப்பே, ஜிம்முக்குப் பணம் கட்டுவே. பத்து நாள் கழிச்சு பசி தாங்காம ஒரு டப்பா பிஸ்கட்டைக் காலி பண்ணிட்டு, முன்னைவிட ஊதிப் போவே. இந்தத் தடவை மட்டும் எப்படி?"

"பட்டினியே கிடக்கலக்கா. முன்னெல்லாம் பட்டினி கிடந்ததுதான் நான் பண்ணின தப்பு. இப்போ வயிறு கேட்டா கொடுக்கறேன், நாக்கு கேட்டா யோசிக்கறேன். கடைக்கு நடந்தே போறேன். நடுவுல ஒரு நாள் சறுக்கினாலும், எல்லாம் போச்சுன்னு விட்டுடறதில்ல. காலையில அடுப்பைத் திறந்ததும் வர்ற பன் வாசனைதான் இன்னும் ஆளைக் கொல்லுது."

"யாருக்காகடி இவ்வளவு பாடு?"

தங்கை பார்வையைத் திருப்பிக்கொண்டாள். "சும்மா... ஒரு ஆசைதான்."

அக்காவின் முகம் இறுகியது.

"நல்லா இருக்குடி. நான் இருப்பேனோ போவேனோன்னு கிடக்கறேன். உனக்கு இந்த வயசுல இடுப்பு அழகு கேட்குது. மூணு மாசமா என்கூட உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட்டிருப்பியா? இனிமே அதுக்கெல்லாம் நாள் எங்கேடி இருக்கு?"

தங்கை டப்பாவை மூடி வைத்தாள்.

அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு டாக்டர் வந்தார்.

"ஸ்கேன் பார்த்துட்டேன். ரொம்ப நல்லா வந்திருக்கு."

"என்னோடதா டாக்டர்? பொய் சொல்லாதீங்க."

டாக்டர் தங்கையைப் பார்த்தார். "இப்பவாவது அக்காகிட்ட சொல்லிடலாமா?"

கண்ணைத் துடைத்துக்கொண்டு தங்கை தலையசைத்தாள்.

"உங்களோடது இல்லம்மா, தங்கச்சியோட ஸ்கேன். கல்லீரல்ல இவ்வளவு கொழுப்பை வெச்சுக்கிட்டு அதுல ஒரு பகுதியை அக்காவுக்குக் கொடுக்க முடியாதுன்னு மூணு மாசம் முன்னாடி இவங்களைத் திருப்பி அனுப்பிட்டேன். இப்போ எல்லாம் கரைஞ்சிடுச்சு, அடுத்த வாரமே உங்களுக்கு வெச்சுடலாம்."