தட்டிலை கை வைச்சது ஆர்?

தன் தட்டில் ஜெனீற்றா கை வைத்ததை ஜசிந்தா கண்ணாலேயே கண்டுவிட்டாள்.

ஒரு கணம்தான். நண்டுச் சதைத் தட்டுகளை ஐஸ் பெட்டிக்கு மேலே அடுக்குகிற சாக்கில், ஜசிந்தாவின் தட்டுக்குள் விரலை விட்டு எடுத்தாள் அந்தக் கள்ளி. பிறகு ஒன்றும் தெரியாத பூனை மாதிரி நிற்கிறாள்!

'இப்ப விளங்குது' என்று பல்லைக் கடித்தாள் ஜசிந்தா.

விளங்காமல் என்ன? ஊர்காவற்றுறை நண்டுக் கொம்பனியில் பன்னிரண்டு வருசம் வேலை செய்கிறவள். அவித்த நண்டை உடைத்து, ஓட்டுத் துண்டு, கோது எதுவும் இல்லாமல் சதையை எடுப்பதில், சும்மா சொல்லக்கூடாது, அவளை அடிக்க அங்கே ஆள் இல்லை. இந்த ஒரு மாதமாகத்தான் நாளுக்கு இரண்டு கோது, மூன்று கோது என்று வருகிறது. அதுவும் எந்த மாதத்தில்? கோது குறைந்தவளுக்கே சுப்பவைசர் வேலை என்று மனேச்சர் அறிவித்த மாதத்தில்! ஐந்துக்கு மேல் போனால் மேசையிலிருந்தே தூக்கி, நண்டு கழுவுகிற பக்கம் விட்டுவிடுவார்கள். போட்டியில் மிஞ்சி நிற்பது அவளும் ஜெனீற்றாவும்தான்.

இதில் இன்னொரு வயிற்றெரிச்சல். நீல லைற்றுக்குக் கீழே தட்டை வைத்துக் கோது எண்ணுகிறவன் வேறு யாருமில்லை, அவளுடைய புருசன் அம்புறோஸ்.

"உங்கடை கையாலை எனக்கு மூண்டெண்டு எழுத எப்பிடி மனம் வருது?"

"மூண்டு கிடந்தால் மூண்டெண்டு தானே எழுதலாம்" என்பான் அவன்.

அந்தச் சனிக்கிழமை பின்னேரம் ஐஸ் அறைக்குப் பின்னால் அவள் காதில் விழுந்ததுதான் தலையில் இடி. முதலில் ஜெனீற்றாவின் குரல்.

"அக்காவுக்குச் சொல்லிப் போடாதேங்கோ அண்ணை."

அடுத்தது அம்புறோஸ். "லைற்றுக்கு வரமுதல் நீ என்னவும் செய். வந்தாப்பிறகு நான் எண்ணத்தான் வேணும்."

கட்டின புருசன்! அவனும் கூட்டா?

ஞாயிறு பூசை முடிந்து வந்து, மத்தியானம் சோறு போட்டாள். அம்புறோஸ் கடக்கென்று கல்லைக் கடித்தான். எடுத்துக் கோப்பை ஓரத்தில் வைத்தான்.

"சோத்திலையும் எண்ணத் தொடங்கியாச்சோ? எழுதி வையுங்கோவன், ஒண்டெண்டு!"

"நான் ஒண்டும் சொல்லேல்லையே ஜசிந்தா."

"எனக்குச் சொல்லமாட்டியள். சொல்லுறவைக்குச் சொல்லுவியள்."

அவன் சட்டைப் பொக்கற்றைத் தடவிக்கொண்டு வெளியே போனான். அதற்குள் எதை ஒளித்து வைத்திருக்கிறானோ, அந்தச் சந்தேகமும் அவளுக்கு.

திங்கள், போட்டியின் கடைசி நாள். அவனுடைய மோட்டச்சைக்கிளில் ஏறாமல் பஸ்ஸில் வந்தாள். சுவரோரக் கடைசி மேசையில் போய் இருந்தாள். தட்டு நிறைந்ததும் ஜெனீற்றா வந்து, "தாங்கோ அக்கா, நான் கொண்டுபோறன்" என்று கை நீட்டினாள்.

"தொட்டால் தெரியும்!"

தானே சுமந்துபோய் நீல லைற்றுக்குக் கீழே வைத்தாள். இன்று பார்ப்போம், கோது எங்கிருந்து வருகிறதென்று!

அம்புறோஸ் எண்ணினான். எண்ண எண்ண அவன் குரல் இறங்கிக்கொண்டே போனது.

"...ஒன்பது... பத்து... பதினொண்டு."

"பொய்! நீங்கள் தான் போட்டனீங்கள்! அவளுக்காண்டி என்னை விழுத்தப் பாக்கிறியள்!"

எல்லா மேசையிலும் கை நின்றுவிட்டது. மனேச்சரும் எழும்பி வந்துவிட்டார்.

அம்புறோஸ் கோபிக்கவில்லை. பொக்கற்றிலிருந்து ஒரு மூக்குக்கண்ணாடியை எடுத்து நீட்டினான்.

"ரெண்டு கிழமையாக் கொண்டு திரியிறன். தந்தால் எறிஞ்சு போடுவாய் எண்டு பயம். வெள்ளெழுத்து எல்லாருக்கும் வாறது தானே. ஒருக்காப் போட்டுப் பாரன்."

எறியத்தான் கை ஓங்கினாள். பிறகு என்ன நினைத்தாளோ, போட்டாள். தட்டைக் குனிந்து பார்த்தாள். வெள்ளைச் சதைக்குள் வெள்ளைக் கோது ஒவ்வொன்றாகத் தெரிந்தது. எண்ணினாள். மறுபடியும் எண்ணினாள்.

"பதினொண்டில்லை, பன்னிரண்டு" என்றாள். "ஒண்டை விட்டிட்டியள். எழுதுங்கோ."

நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள், எத்தனை பேருக்கு அப்படிச் சொல்ல வாய் வரும்?

மனேச்சர் சுப்பவைசர் இடத்தில் ஜெனீற்றாவின் பெயரை எழுதிக்கொண்டார். "ஜசிந்தா, நாளைக்குக் கண்ணாடியோடை உங்கடை மேசைக்கே வாங்கோ" என்றுவிட்டுப் போனார்.

ஜசிந்தா நேரே ஜெனீற்றாவிடம் போனாள்.

"அப்ப சனிக்கிழமை வரைக்கும் என்னெண்டு மூண்டோடை நிண்டது?"

ஜெனீற்றா தலையைக் குனிந்தாள். "சனிக்கிழமை பத்து, அக்கா. அதிலை ஏழு கோதை எடுத்திட்டன். மிச்சத்துக்கு நேரம் காணேல்லை."

ஜசிந்தா அம்புறோஸைத் திரும்பிப் பார்த்தாள். அவன் அடுத்த தட்டை எண்ணிக்கொண்டிருந்தான். ஐஸ் அறைக்குப் பின்னால் கேட்டது இப்போதுதான் விளங்கியது. வெட்கத்தில் முகம் சுட்டது.

"விசரி! நீ சும்மா இருந்திருந்தால் முதல் கிழமையே என்னைக் கழுவுற பக்கம் அனுப்பியிருப்பினம். உனக்குப் போட்டியே இல்லை. ஏனடி என்ரை தட்டிலை கை வைச்சனீ?"

ஜெனீற்றா சிரித்தாள். கண் மட்டும் கலங்கியிருந்தது.

"நான் வேலைக்கு வந்த புதுசிலை நாள் கணக்குக்குச் சதை நிறை காணாமல் முழிக்கேக்கை, நாளும் ரெண்டு பிடி சதை என்ரை தட்டுக்கை விழும். நான் காணேல்லை எண்டு நினைச்சனீங்களோ? முதல் முதல் கை வைச்சது நீங்கள் தானே அக்கா!"