பின்னால் சுழலும் சக்கரம்

மேற்கு மாம்பலம் வீட்டின் சாப்பாட்டு மேஜை மேல், மோட்டார் பொருத்திய ஸ்கூட்டர் சக்கரம் சத்தமின்றி முன்னோக்கிச் சுழன்றது. முதல்முறையாக வீட்டுக்கு வந்திருந்த ஆபீஸ் நண்பன் ஸ்ரீரங்கன் கைதட்டினான். பீர் முஹம்மதோ மின்சாரத்தை நிறுத்தி, கன்ட்ரோலரின் ஒயர்களை இடம் மாற்றத் தொடங்கினான்.

“நல்லாத்தானே சுத்துச்சு பீர்?”

“பின்னாடியும் சுத்தணும்.”

“தப்பா மாத்தினா கன்ட்ரோலர் புகைஞ்சிடும்டா. சிங்கப்பூர்லேர்ந்து வந்தது, இங்க வேற கிடைக்காது.”

“தெரியும்.”

“பின்னாடி போற ஸ்கூட்டரை எவன்டா வாங்குவான்?”

நாற்காலியில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த பீரின் மனைவி குல்ஷன், “நான் வாங்குவேன் அண்ணே” என்று சிரித்தாள்.

சக்கரம் உறுமியது, உதறியது, நின்றது. பீர் இன்னும் இரண்டு ஒயர்களை மாற்றினான். அது அமைதியாகப் பின்னோக்கிச் சுழன்றது.

“இத ஒரு சுவிட்ச்ல கொடுத்துட்டா போதும். இவ ஓட்டுற மூணு சக்கர ஸ்கூட்டருக்கு ரிவர்ஸ் கிடையாது. முட்டுச் சந்துல மாட்டிக்கிட்டு, பின்னாடி தள்ளிவிடச் சொல்லி தினம் யாரையாவது கூப்பிடுறா.”

“இனிமே தெரு நிம்மதியாத் தூங்கட்டும். டீ போடுறேன் அண்ணே” என்ற குல்ஷன், நாற்காலிக்குப் பின்னால் சாத்தியிருந்த இரண்டு ஊன்றுகோல்களையும் எடுத்துக்கொண்டு எழுந்தாள்.