தூக்கம் உறிஞ்சும் குழாய்

“படத்துல வர்ற அந்தக் குழாய் வெறும் குழாய் இல்லைங்க. அதுல ஒரு உள்குத்து இருக்கு!” என்று ஆவேசமாகச் சொல்லிவிட்டு, சூப்பர்வைசர் கேன்டீனை ஒரு சுற்று பார்த்தார்.

தொழிலாளர்களே மெத்தை உறைத் துணியைத் திரையாகக் கட்டிப் படம் போட்டிருந்தார்கள். சனிக்கிழமை மதியம் ஷிப்ட் முடிந்து, படம் பார்த்துப் பேசுவதற்கென்றே தங்கியிருந்த பன்னிரண்டு பேர், இப்போது ஆளுக்கொரு டீ கிளாஸை உருட்டிக்கொண்டிருந்தார்கள்.

வேற்றுக் கிரகக் கதை. பாதாளத்தில் வேலை செய்பவர்களின் தூக்கத்தைக் குழாய் போட்டு உறிஞ்சி, மேல் நகரத்துக்காரர்கள் சுகமாகத் தூங்குகிறார்கள். மெத்தைக் கம்பெனியில் போட வேறு படமா கிடைக்கவில்லை என்பதுதான் மேனேஜரின் சந்தேகம்.

“ஷிப்டை பத்து மணி நேரமாக்கப் போற நேரத்துல இந்தப் படம் எதுக்கு?” என்று காலையில் சூப்பர்வைசரைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டிருந்தார். “நீங்களும் போய் உக்காருங்க. யார் யாருக்கு அந்தப் பாதாளம் நம்ம கம்பெனி மாதிரி தெரியுதோ, அவங்க பேர் எனக்கு வேணும். சில பேரை வீட்டுக்கு அனுப்பியாகணும்.”

அதனால்தான் இந்த ஆவேசம். தான் நாலு வார்த்தை சூடாகப் பேசினால்தான் மற்றவர்கள் வாயைக் கிளற முடியும் என்று சூப்பர்வைசர் கணக்குப் போட்டிருந்தார்.

கணக்கு தப்பவில்லை. முதலில் தையல் அக்கா தொண்டையைக் கனைத்தாள்.

“பத்தொன்பது வருஷமா மெத்தை தைக்கிறேன். என் வீட்டுல ஒரு மெத்தை கிடையாது. படம் பார்க்கும்போது அதுதான் ஞாபகம் வந்துச்சு.”

ஒரு பேர் கிடைத்தது. ஆனால் அந்த வார்த்தை சூப்பர்வைசரின் நெஞ்சில் எங்கேயோ நெருடியது.

பேக்கிங் பிரிவில் இருக்கும் ஆளை எல்லாரும் ‘சோடாபுட்டி’ என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, “மேல இருக்கறவனைப் பார்த்து எனக்குப் பயமில்லை. குழாய் பக்கத்துல நின்னு தூக்கத்தை அளக்கறான் பாருங்க, அவனும் கீழேருந்து போனவன்தானே? அவனைப் பார்த்தாத்தான் பயம்” என்றார்.

சொல்லிவிட்டுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சூப்பர்வைசரையே பார்த்தார். இவருக்கு ஏதாவது தெரிந்திருக்குமோ? சூப்பர்வைசர் டீ கிளாஸைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டார்.

அதற்குள் ஸ்பாஞ்ச் வெட்டும் மாப்பிள்ளை நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டான். சூப்பர்வைசரின் தங்கை புருஷன். இரண்டு வருடத்துக்கு முன்னால் மேனேஜரிடம் கெஞ்சிக் கூத்தாடி அவனை உள்ளே சேர்த்துவிட்டதே இவர்தான்.

“எனக்கு இதெல்லாம் விளங்காது மச்சான். குழாய்னா எதைச் சொல்றீங்க? நம்ம ஷிப்டையா?”

“அப்படித்தான் வச்சுக்கயேன் மாப்ள.”

“அப்போ தூக்கத்தை உறிஞ்சறது யாரு? நமக்குள்ளதானே, பளிச்சுனு சொல்லுங்க.”

எல்லார் கண்ணும் தன் மேல் இருப்பதைச் சூப்பர்வைசர் கவனித்தார். இந்த இடத்தில் பின்வாங்கினால் போட்ட வேஷம் கலைந்துவிடும்.

“வேற யாரு? மாடியில ஏசி ரூம்ல உக்காந்திருக்காரே, அவர்தான்!”

கேன்டீன் அதிர்ந்தது. யாரோ மேஜையைத் தட்டினார்கள். “அடேங்கப்பா, மச்சான்! இதைத் தட்டிக் கேக்க நம்மள்ல ஒரு ஆள் இல்லையா?” என்று மாப்பிள்ளை எழுந்தே நின்றுவிட்டான். அதன் பிறகு ஸ்டோர்காரர், எம்ப்ராய்டரிக்காரர், கடைசி வரிசையில் சும்மா இருந்த டிரைவர் என்று ஆளாளுக்குப் பிடித்துக்கொண்டார்கள்.

கூட்டம் கலைந்ததும் ஸ்டோர் ரூமில், பஞ்சு மூட்டைகளுக்குப் பின்னால் நின்று சூப்பர்வைசர் பேர்களை எழுதினார். தையல் அக்காவின் பேரை எழுதும்போது கை கூசியது, ஆனாலும் எழுதினார். மாப்பிள்ளையின் பேர் வந்ததும் பேனா நின்றுவிட்டது.

தங்கைக்கு ஏழு மாதம். இந்த நேரத்தில் அவனுக்கு வேலை போனால் அவள் முகத்தில் எப்படி விழிப்பது? வாய்த்துடுக்கு ஒன்றைத் தவிர அவனிடம் என்ன குறை? அந்தப் பேரை எழுதாமலே தாளை மடித்து எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறினார்.

மேனேஜர் அந்தத் தாளை இரண்டு முறை படித்தார். பிறகு கண்ணை மட்டும் உயர்த்தினார்.

“உங்க மாப்பிள்ளையும் வந்திருந்தாராமே?”

“வந்தான் சார்.”

“அவர் பேரைக் காணோமே?”

சூப்பர்வைசர் குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு, “அவன் ஒரு சாது சார். டீ குடிச்சுட்டு ஒரு ஓரமா உக்காந்திருந்தான். வாயே திறக்கலை” என்றார்.

மேனேஜர் மேஜை டிராயரை இழுத்தார். உள்ளேயிருந்து இன்னொரு தாளை எடுத்து அவர் பக்கமாகத் திருப்பி வைத்தார். அதில் எழுதியிருந்தது ஒரே ஒரு பேர். சூப்பர்வைசருடையது.

“அவர் உங்களைப் பத்தி அப்படிச் சொல்லலையே!”